புதுச் சேவலுக்கு 21 நாள் கொடுங்கள்: எங்கள் குழுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வருகிற சனிக்கிழமை சந்தையில் மொத்தமாகச் சேவல் வாங்கி, அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒப்பவில்லை. சேவல் மாற்ற வேண்டும் என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஒரே சேவல், அதன் மகள், அதன் பேத்தி என்று நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. 15 முட்டை அடை வைத்தால் பாதி கூமுட்டை, பொரிப்பதும் நோஞ்சான். புது ரத்தம் வேண்டியதுதான். வந்த அன்றே அதைக் கோழிகளோடு விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காரணம் என் வீட்டில் நடந்தது. மூன்று வருஷம் முன்பு பங்குனியில் சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன். கழுத்தெல்லாம் மயில் நிறம், நல்ல சிவந்த கொண்டை. ராத்திரி பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் திறந்துவிட்டேன். இரண்டு நாள் நன்றாகக் கூவியது. மூன்றாம் நாள் கூவவில்லை. வேலியோரம் சிறகைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அடியில் சுண்ணாம்பும் பச்சையும் கலந்த மாதிரி கழிச்சல். அது செத்த மறுவாரம் என் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. 23 உருப்படியில் மிஞ்சியது நான்கு. அந்த மாசம் கீழத்தெருவில் மூன்று வீட்டுக் கோழிகளும் போயின. வெயிலுக்கு வந்த சீக்கு என்று எல்லோரும் சொன்னபோது நானும் ஆமாம் என்றேன். என் வீட்டுச் சேவலில்தான் தொடங்கியது என்று இப்போதுதான் சொல்கிறேன். அந்த மூன்று வீட்டாரும் என்னை மன்னிக்க வேண்டும்.

கால்நடை மருந்தகத்தில் இதை ராணிக்கெட் என்பார்கள், நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். வந்துவிட்டால் மருந்து கிடையாது. மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் கொடுத்தேன். ஆனால் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. சந்தையில் பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில், காலைக் கட்டிக் கிடக்கிறது. வீட்டில் இரண்டு கோழி செத்ததும் மிச்சத்தைக் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. கிருமி உள்ளே போன பிறகும் ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம் வரை கோழி தெம்பாகத்தான் தெரியும். கொண்டையைப் பார்த்து வாங்குகிற நமக்கு அது எப்படித் தெரியும்?

அதனால்தான் 21 நாள் கேட்கிறேன். முட்டை பொரிய அத்தனை நாள் பொறுக்கிறோம், சேவலுக்கும் பொறுப்போம். வீட்டின் மறுபக்கம், பழைய கோழிகள் மேய வராத இடத்தில் தனியாகக் கட்டி வையுங்கள் அல்லது அடைத்து வையுங்கள். அதற்கென்று தனித் தண்ணீர்ச் சட்டி. முதலில் நம் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதுச் சேவலிடம் போங்கள், பிறகு கைகாலைக் கழுவுங்கள். நம் காலோடும் சீக்கு வரும். முதல் நாளே சிறகைத் தூக்கிப் பாருங்கள், ஆசனவாய் ஓரத்து இறகைப் பிரித்துப் பாருங்கள். செள்ளும் பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும். குடற்புழு மருந்தும் இந்த நாட்களிலேயே கொடுத்துவிடலாம். தெம்பாக இருந்தால் மருந்தகத்தில் கேட்டுச் சிறகில் போடும் கழிச்சல் ஊசியைப் போட்டுவிடுங்கள். அது பிடிக்க இரண்டு வாரம் ஆகும். நம் கோழிகளுக்கும் போட்டிருக்க வேண்டும். பிப்ரவரியில் அரசு இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது, நம் ஊரில்தான் பாதிப் பேர் பிடித்துக்கொண்டு வருவதில்லை.

மூன்று வாரம் சேவல் சும்மா தின்னுமே என்று கூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். அந்த நாள் வீணாகாது. பழைய சேவலை விலக்கிய பிறகும் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை தங்கியிருக்கும். புதுச் சேவலை முதல் நாளே விட்டாலும், அந்த வாரத்து முட்டையில் பொரிப்பது பழைய சேவலின் குஞ்சாகவே இருக்கலாம். ஆகையால் புதுச் சேவல் வருகிற அன்று பழையதை விற்றுவிடுங்கள். முட்டை நிற்காது, அதற்குச் சேவல் தேவையில்லை. அடைக்கு மட்டும் வைக்காமல் விற்றுக்கொள்ளலாம்.

21 நாளில் ஒன்றும் வரவில்லையா, சரி, அப்புறம் இன்னும் ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் சேவல், இந்தப் பக்கம் பெட்டைகள். ஒன்றையொன்று பார்க்கட்டும், தொட வேண்டாம். பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்து கோழிகள் குடாப்பில் அடைந்த பிறகு, சேவலையும் உள்ளே விடுங்கள். விடிகாலையில் நீங்களே போய்த் திறக்க வேண்டும். குருணையை ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று நான்கு இடத்தில் இறையுங்கள். கொஞ்சம் கொத்தும், துரத்தும், அது அவற்றுக்குள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வது. ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள், ரத்தம் கண்டால் மற்றதும் அங்கேயே கொத்தும். சேவல் ஒரு சிறகைத் தாழ்த்திப் பெட்டையைச் சுற்றி வந்து, கிடைத்த பூச்சியைத் தான் தின்னாமல் கொக்கொக் என்று கூப்பிட்டுக் காட்டினால், நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

வாங்கும்போது இன்னொன்று. நம்முடையது எல்லாம் சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி. பெரிதாக இருக்கிறதே என்று பெருவிடைச் சேவலைப் பிடிக்காதீர்கள், மிதித்து மிதித்தே பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து புண்ணாகிவிடும். ஐந்து மாதக் குஞ்சுச் சேவலும் வேண்டாம், வயசான பெட்டைகள் அதைத் தீனிக்கே விடாமல் கொத்தும். ஒரு வருஷம் ஆனது, பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். தடுப்பூசி போட்ட வீடு என்று தெரிந்து பக்கத்து ஊரில் வாங்க முடிந்தால் சந்தையை விட அது மேல். அப்படி வாங்கினாலும் 21 நாள் 21 நாள்தான்.

குழுவிடம் நான் கேட்பது இதைத்தான்: தீர்மான நோட்டில் "அன்றே பிரித்துக் கொடுப்பது" என்ற வரிக்குக் கீழே, "21 நாள் தனியாக வைப்பது" என்று ஒரு வரி சேருங்கள். ஒரு வீட்டில் மட்டும் அவசரப்பட்டாலும் ஊர்க்கோழி அத்தனைக்கும் சீக்கு போய்விடும். சனிக்கிழமை நானும் கூட வருகிறேன். தனியாக வைக்கப் பஞ்சாரம் இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. சலவைச் சோடா போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெருவிலிருந்து உங்களில் ஒருத்தி