டீசல் சரியில்லை என்று சொல்லும் கார் கம்பெனிகளுக்கு

வாரண்டி பிரிவில் உட்கார்ந்து 'நிராகரிக்கப்பட்டது' என்று டைப் அடிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். எந்தக் கம்பெனி என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. விசாரித்த வரையில், பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் இதே மடலை வேறு சில கம்பெனிகளுக்கும் அனுப்பலாம் போலிருக்கிறது.

போன சித்திரையில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது, துவரங்குறிச்சி தாண்டியதும் வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுபோனது. வாங்கி இரண்டு வருடம் ஏழு மாதம், ஓடியது 41,000 கிலோமீட்டர், மூன்று வருட வாரண்டி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் டோ வண்டிக்குப் போன் போட்டேன். மதுரை சர்வீஸ் சென்டரில் டீசல் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளித் தூள் மாதிரி மின்னுகிறது. டீசலை அழுத்தித் தள்ளும் ஹைபிரஷர் பம்பு உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, அந்தத் துகள் 'ரயில்' என்கிற டீசல் குழாய், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டர், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன் என்று ஒரு சுற்றுச் சுற்றி டேங்க் வரை போய்விட்டதாம். அத்தனையையும் மாற்ற வேண்டும், 3 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார் அட்வைசர். சரி, வாரண்டிதானே என்று ஊருக்குத் திரும்பினேன். நாலாம் நாள் மெயில் வந்தது: எரிபொருள் தரக்குறைவால் வந்த பழுது, வாரண்டியில் அடங்காது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். அட்வைசர், டேங்கிலிருந்து எடுத்த டீசலை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கலங்கலா இருக்கு பாருங்க சார்" என்றார். முகர்ந்தும் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை. பம்பின் உலோகத் தூள் முழுக்கக் கலந்த டீசல் கலங்கலாக இல்லாமல் பன்னீர் மாதிரியா இருக்கும்?

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மூன்று லட்சம் என்று காதில் விழுந்தால் யாரும் உட்கார்ந்து படிப்பார்கள், நானும் படித்தேன். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் 'காமன் ரயில்' வண்டியில் இந்தப் பம்பு 1,600, 2,000 பார் (ஒரு பார் என்றால் கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) என்ற அழுத்தத்துக்கு டீசலைத் தள்ளுகிறது, என் வண்டியில் இருப்பது போன்ற பம்புக்கு இன்ஜின் ஆயில் போவதில்லை, உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு மசகு. தண்ணீரோ பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்தால் அந்த வழவழப்பு குறைந்து இரும்பும் இரும்பும் உரசும். இதை நான் மறுக்கவில்லை, நம் ஊரில் கலப்படமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியும் இல்லை.

ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 என்ற புகை விதிக்கேற்ற டீசல், கந்தக அளவு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் கொஞ்சம் போய்விடும், அதை ஈடுகட்டத் தனியாகச் சேர்மானம் கலக்கிறார்கள். அது போதுமா என்று பார்க்க ஒரு சின்ன இரும்புக் குண்டை டீசலில் முக்கித் தட்டின் மேல் உரசவிட்டு, குண்டில் விழும் தழும்பை அளக்கிறார்கள். டீசலுக்கு நம் நாடு வைத்திருக்கும் ஐ.எஸ் 1460 தரப்படி அந்தத் தழும்பு 460 மைக்ரானை (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது. ஐரோப்பாவிலும் அதே 460தான். அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள், அதாவது அங்கே டீசலின் வழவழப்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அந்த அமெரிக்காவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபோக்ஸ்வாகன், ஆடி டீசல் கார்களில் இதே ஹைபிரஷர் பம்பு புகார்கள் வந்து, 2010-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. அப்புறம் 2021 நவம்பரில், 'ராம்' என்ற பிராண்டு பிக்கப் லாரிகளில் 2019, 2020 மாடல் இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன, காரணம் இந்தப் பம்பு. அந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லாருமா போய் மட்டமான பங்கில் டீசல் போட்டார்கள்?

கடைசியாக டீசல் போட்ட பங்குக்கும் பில்லோடு போனேன். மேனேஜர் கோபப்படவில்லை. அடர்த்திப் பதிவேட்டைத் திறந்து காட்டினார், லாரி கொண்டுவந்த ரசீதில் இருந்த அடர்த்திக்கும் பங்கில் அளந்ததற்கும் அனுமதித்த, கனமீட்டருக்கு 3 கிலோ வித்தியாசத்துக்குள்தான் இருந்தது. பங்கின் டேங்கில் விடும் கோலில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி இறக்கி, தண்ணீர் இல்லை என்றும் காட்டினார். "அன்னைக்கு எத்தனை வண்டி போட்டுச்சு, வேற யாரும் வரலையே சார்" என்றார். பழைய லாரி எதையும் செரித்துவிடும், அதனால் இந்த வாதத்தை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவரிடம் காட்ட ஏதோ இருந்தது. உங்களிடம் ஒரு தண்ணீர் பாட்டில்.

என் வண்டியின் டேஷ்போர்டில் டீசலில் தண்ணீர் இருந்தால் எரிய ஒரு விளக்கு வைத்திருக்கிறீர்கள். அது ஒருநாளும் எரியவில்லை. எரிந்ததா என்று ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தீர்களா என்றால் பதில் இல்லை. தண்ணீர் என்றால் பம்புக்குள் துரு இருக்க வேண்டும், பெட்ரோல் என்றால் டீசல் தீப்பிடிக்கும் வெப்பநிலை சட்டென்று இறங்கியிருக்க வேண்டும், இரண்டையும் பார்க்க முடியும். நீங்கள் சொன்னதோ, "இனிமே பிரீமியம் டீசல் போடுங்க." கையேட்டில் பி.எஸ்-6 டீசல் என்று போட்டிருக்கிறீர்கள், அதைத்தான் போட்டேன்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. டீசல்தான் காரணம் என்றால், என் கண் முன்னால் சுத்தமான கேனில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, லேபுகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்புங்கள். ஐ.எஸ் 1460-இல் எந்த அளவில் தேறவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் எண்ணெய் கம்பெனியோடு மோதிக்கொள்கிறேன், உங்கள் பக்கமே வர மாட்டேன். தேறிவிட்டால் பம்பிலிருந்து டேங்க் வரை நீங்கள் மாற்றித் தர வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை கழற்றிய பம்பைத் 'ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு' என்று சொல்லாதீர்கள்.

இதைச் செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் செய்யும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில், பரிசோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாத பொருளின் மாதிரியை சீல் வைத்து லேபுக்கு அனுப்பும் வழி இருக்கிறது, லேப் 45 நாளில் அறிக்கை தரவேண்டும். மனு தயார். இன்னும் போடவில்லை.

அன்று உங்கள் அட்வைசரைக் கெஞ்சி, அதே டேங்கிலிருந்து மூன்று அலுமினியக் கேனில் டீசல் பிடித்து, சீல் மேல் அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். பாவம், நல்ல பையன், அவரைத் திட்டிவிடாதீர்கள். கேன்கள் மதுரையில் என் மச்சான் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன, டீசல் வாடை தாங்கவில்லை என்று தங்கச்சி தினமும் போன் பண்ணுகிறாள். அதில் ஒன்று உங்களுக்கு. எப்போது ஆள் அனுப்புகிறீர்கள்?

இப்படிக்கு,
மூன்று மாதமாக டவுன் பஸ்ஸில் போய்வரும் உங்கள் வாடிக்கையாளர்