அந்த இரண்டு வருடம் இடைவெளி இல்லை

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். போன வாரம் நேர்காணலுக்கு வந்தபோது, என் விண்ணப்பத்தில் நான் பொதுக்கொள்கையில் முதுகலை படித்த இரண்டு வருடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘பணி இடைவெளி’ என்று எழுதி வைத்திருந்தீர்கள். “மருத்துவத்தை ஏன் விட்டீங்க டாக்டர்?” என்பதுதான் முதல் கேள்வி. நான் எதையும் விடவில்லை.

ஏன் படிக்கப் போனேன் என்று சொல்கிறேன். ஆஸ்துமாவோடு ஒரு அம்மா ஒரே மாதத்தில் மூன்று தடவை அவசரப் பிரிவுக்கு வந்தார். நெபுலைசர் வைப்போம், மூச்சு சீரானதும் அனுப்பிவிடுவோம். வீட்டில் தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் எங்கள் மருந்துப் பட்டியலில் இல்லை, வெளியே வாங்க அவரிடம் காசு இல்லை. மூன்றாவது தடவை, இரைப்புக்கு நடுவே, “மன்னிச்சிடுங்க டாக்டர், திரும்பவும் வந்துட்டேன்” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா? உலக சுகாதார நிறுவனம் 1977இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட்டுவிட்டது. ஆனால் ஒரு மருந்து அந்தப் பட்டியலில் இருந்து வார்டு அலமாரிக்கு வந்து சேர நிதி ஒதுக்கீடு, டெண்டர், கொள்முதல் என்று எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது! அதைப் புரிந்துகொள்ளத்தான் போனேன்.

திரும்பி வந்தால், வார்டில் ‘கை பழக்கம் விட்டிருக்குமே’ என்கிறீர்கள், கொள்கைப் பிரிவிலோ ‘அனுபவம் இல்லையே’ என்கிறார்கள். அதே இரண்டு வருடம் இதய சிகிச்சையில் ஃபெலோஷிப் போன நண்பருக்கு அது பயிற்சி. எனக்கு சீனியாரிட்டி போனது.

புருண்ட்லாண்ட் அம்மையார் மருத்துவம் முடித்து, 1965இல் ஹார்வர்டில் பொது சுகாதார முதுகலைப் பட்டம் வாங்கியவர். நார்வேயின் பிரதமரானார், அப்புறம் உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைமை இயக்குநரானார். அவர் அங்கே இருந்தபோதுதான், 2003இல், புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. எல்லாரும் அவ்வளவு தூரம் போக மாட்டோம், சரி. மருந்துப் பட்டியல் குழுவில் ஒரு நாற்காலிகூடவா கிடையாது? படித்தவர்களை இப்படி அலைக்கழித்தால், ஆலோசனை நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அவர்கள் போகாமல் என்ன செய்வார்கள்? அப்புறம் மருத்துவர்கள் நிர்வாகத்துக்கு வருவதில்லை என்று நீங்களே குறைப்படுகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதைத்தான்: அந்த இரண்டு வருடத்தைப் பயிற்சிக் காலமாகப் பதிவு செய்யுங்கள். வாரத்தில் பாதி நாள் நோயாளிகளைப் பார்க்கவும், மீதி நாள் கொள்கை வேலை செய்யவும் ஒரு பணியிடம் உருவாக்குங்கள். என் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து இந்த முறை வட்டமிடாமல் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்