லூசிக்கு எத்தனை வயது?

மாப்ளே,

நாலு மாசமாய்ப் பதில் போடவில்லை. திட்டுவதாய் இருந்தால் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவன் அதே வேலை, அதே புலம்பல்.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெல்ட்டில் ஓடிவரும் சாக்லேட்டைச் சமாளிக்க முடியாமல் வாயிலும் சட்டைக்குள்ளும் திணிப்பாளே, அந்த லூசிதான். இணையத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு கிடைத்தது, அரை நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாகிறது.

பிறந்த ஊர் மொன்டானா மாநிலத்தின் பியூட் என்று போட்டிருந்தது. கிடையாது, நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுன், 1911 ஆகஸ்ட் 6. பியூட் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்ததே அம்மணிதான்! முழுப் பொய்யும் இல்லை. அப்பாவுக்குத் தொலைபேசிக் கம்பெனியில் கம்பி இழுக்கிற வேலை, அதனால் குழந்தையாய் இருந்தபோது கொஞ்ச நாள் மொன்டானாவில் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம், 'தொலைக்காட்சியில் கர்ப்பிணியாக வந்த முதல் நடிகை' என்று ஒரு வரி. அதுவும் தப்பு, 1948லேயே 'மேரி கே அண்ட் ஜானி' தொடரில் வேறொரு நடிகை அப்படி வந்தாயிற்று. ஆனால் அம்மணி நடித்த 'ஐ லவ் லூசி' தொடரின் கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த 1953 ஜனவரி 19 அன்றே அவருக்கு நிஜமாகவும் மகன் பிறந்தான் என்பதைப் படித்துவிட்டு, இது சுத்த ரீல் என்று நான் அடித்துப் போட்டேன் பார், அது உண்மை! சிசேரியனுக்கு நாள் முன்கூட்டியே குறித்தாயிற்று, காட்சியையும் முந்தின வருஷமே எடுத்து வைத்துவிட்டார்கள். 4.4 கோடிப் பேர் பார்த்தார்களாம், மறுநாள் ஐசன்ஹோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தது 2.9 கோடிதான். அடித்ததை வெட்கத்தோடு திரும்பச் சேர்த்தேன்.

எல்லாவற்றையும் விட வயதுதான் என்னைப் படுத்தி எடுத்தது. ஓரிடத்தில் 1911, இன்னோரிடத்தில் 1914. 1940இல் டெசி ஆர்னாஸைக் கல்யாணம் செய்துகொண்டார், அவன் 1917இல் பிறந்தவன். பெண் ஆறு வயது மூத்தவள் என்று ஊர் பேசுமே! அம்மணி மூன்று வருஷம் இறங்கி வர, அவன் மூன்று வருஷம் ஏறிப்போக, இருவருமே 1914இல் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு ராத்திரி தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்பாய். உன் சான்றிதழை எடுத்துப் பாரடா. உனக்கும் எனக்கும் மட்டுமா, அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு எப்படி ஜூன் மாசம் பிறந்தநாள் வந்தது? தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு, பெரிய வாத்தியார் கணக்கு அவ்வளவுதான். நீ எட்டாமல் கழுத்தைச் சாய்த்துத் தொட்ட ஆள். அந்த ஜூனை நம்பித்தான் போன வருஷம் உனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் பிறந்ததை நேரில் பார்த்தவர்களில் இப்போது அம்மா மட்டும்தான் பாக்கி. நேற்று கேட்டேன். ஐப்பசி, அடைமழை, விளக்கு இரண்டு தடவை அணைந்தது என்றாள். எந்த வருஷம் என்றால் முழிக்கிறாள். இதைப் பத்து வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும், மாப்ளே.

நம் இரண்டு பேரில் நீதான் மூத்தவன் என்று உன் அத்தை அடித்துச் சொல்வாளே, எதை வைத்துச் சொல்கிறாள் என்று கேட்டு எழுது. தள்ளிப் போடாதே. லூசியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.

உன்,
'காது எட்டியவன்'