டெலிவரி கட்டணம் யாருக்குப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவு செயலி பில்லில் டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம், போதாததற்கு ஜிஎஸ்டி. 2023-ல் ஆர்டருக்கு 2 ரூபாயாக நுழைந்த பிளாட்ஃபார்ம் கட்டணம் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. அது நிறுவனத்தின் வருமானம். வண்டி ஓட்டி வருபவருக்குச் சேராது. ஆனால், ‘அதான் இவ்வளவு கொடுத்தாச்சே’ என்று செயலியில் டிப்ஸ் கேட்கும் பெட்டியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். பெட்ரோலும் பஞ்சர் செலவும் அவர் கைக்காசு. பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்காக நிற்பதும் அவர்தான்.

அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி இவர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தது நல்ல காரியம். சரி, அப்படியே ஓட்டுநருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் பில்லிலேயே காட்டும்படி அரசு உத்தரவு போடட்டுமே.

வாசகி,
வேளச்சேரி, சென்னை