பாக்ஸ் மேல நம்பரை போடச் சொல்லுங்க: கிண்டி பேட்டண்ட் ஆபீசுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

கோயம்புத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு பம்ப் சர்வீஸ் பட்டறை வச்சிருக்கேனுங்க, முக்கால்வாசி வேலை, சுத்துற தண்டு வழியா தண்ணி ஒழுகாம தடுக்கிற மெக்கானிக்கல் சீல் மாத்துறதுதான். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சவங்களுக்கு, அவங்க மட்டும் செஞ்சு விக்கிற உரிமையை பேட்டண்ட்னு கொடுக்கிற உங்க ஆபீசுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னுதான் போன வருஷம் வரைக்கும் நெனச்சுட்டு இருந்தேன்.

ஒரு சாயப்பட்டறை பம்ப்ல சீல் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க, கழட்டிப் பார்த்தா ஒண்ணோட ஒண்ணு உரசி ஓடுற ரெண்டு வளையத்துல கார்பன் வளையத்தோட முகத்துல, நாங்க ஃபேஸ்னு சொல்றதுல, லேசா ஒரு கோடு, அவ்ளோதான், லேப்பிங் போட்டு நைஸா தேய்ச்சா தீந்துச்சு. அதை சொல்றதுக்குள்ள அந்த சீலை வித்த ஏஜென்ட் போன்ல வந்துட்டான், "ணா அது பேட்டண்ட் ஐட்டம், கைய வச்சா கேஸ் ஆயிரும், புதுசு வாங்கச் சொல்லுங்க"ன்னு. ஓனரும் பயந்துபோய் புதுசே வாங்கிட்டாரு. அதே வாரம் அம்மாவுக்கு ஸ்க்ரூ பல்லு வைக்கலாம்னு கூட்டிட்டுப் போனா தாடையில எலும்பு கரைஞ்சிருக்கு, எலும்பு பவுடர் வச்சு நாலஞ்சு மாசம் விட்டாத்தான் ஸ்க்ரூ நிக்கும்னாங்க. காட்டின பாட்டில்ல அரை கிராம் இருந்துச்சு, பொடி உப்புக்கல்லு மாதிரி. என்னங்க இவ்ளோ ரேட்டுன்னு கேட்டா அங்கயும் அதே வார்த்தை, பேட்டண்ட்.

ரெண்டு காலி பாக்ஸையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அக்கா பையன் உக்காந்து தேடினான். சீல் பாக்ஸ்ல இருந்தது அமெரிக்க நம்பர், 1980கள்ல கொடுத்தது, அது அங்கேயே முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. எலும்பு பவுடர் பாக்ஸ்ல பேட்டண்ட்ங்கிற வார்த்தை மட்டும்தான், நம்பரும் இல்ல நாடும் இல்ல.

அப்புறம்தான் சட்டத்தையே படிச்சேன், படிச்சேன்னா அவன் படிச்சு சொல்ல நான் கேட்டேன். ஒரு நாட்டு பேட்டண்ட் அந்த நாட்டுக்குள்ளதான் செல்லும், இங்க வாங்கலன்னா இங்க ஒண்ணும் கிடையாது. இங்க வாங்கினாலும் மனு போட்ட தேதியில இருந்து 20 வருஷம்தான், நடுவுல ரினியூவல் பணம் கட்டலன்னா அதுக்கு முன்னாடியே போயிரும். 1970 பேட்டண்ட் சட்டத்துல 120-வது பிரிவு இருக்கே, எந்த நாடுன்னு சொல்லாம பேட்டண்ட்னு மட்டும் போட்டா அது இந்தியாவுல உயிரோட இருக்கிற பேட்டண்ட்னுதான் அர்த்தம், அப்படி இல்லாம போட்டிருந்தா 10 லட்சம் வரைக்கும் அபராதம். 111-வது பிரிவு இன்னும் நல்லாருக்கு, நம்பர் இல்லாம வெறும் வார்த்தை மட்டும் இருந்தா, அதை வச்சு மட்டும் எதிராளிக்கு பேட்டண்ட் இருக்கிறது தெரியும்னு சொல்லிற முடியாது. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது சார், அதை வச்சுத்தான் அந்த ஏஜென்ட் பிழைக்கிறான்.

படிக்க ஆரம்பிச்சதுல ஒண்ணு நல்லா பிடிச்சுப்போச்சு. எங்க சீல்ல சுத்துற ஃபேஸுக்கும் நிக்கிற ஃபேஸுக்கும் நடுவுல ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் தண்ணிப் படலம், தலைமுடியே சுமார் 70 மைக்ரான் வரும்னா பாத்துக்கங்க. லேப்பிங் முடிச்சு கண்ணாடி வச்சு ஹீலியம் லைட்டுல பாத்தா கோடு கோடா தெரியும், ஒரு கோடு 0.29 மைக்ரான், கோடு நேரா ஓடினா ஃபேஸ் தட்டை, வில்லு மாதிரி வளைஞ்சா திரும்ப தேய்க்கணும். எலும்பு பவுடருக்கு அப்படியே தலைகீழ், அந்த மணிக்குள்ள இருக்கிற ஓட்டை 100 மைக்ரானுக்கு மேல இருந்தாத்தான் ரத்தக்குழாய் உள்ள நுழைஞ்சு புது எலும்பு வளரும். அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில டெல்லா ராய்னு ஒரு அம்மா, கடல் பவளத்துல அந்த ஓட்டை இயற்கையாவே இருக்குன்னு பாத்து, பாஸ்பேட் கரைசல்ல போட்டு சூடும் பிரஷரும் கொடுத்து, ஓட்டை ஓட்டையாவே இருக்க சுண்ணாம்பை மட்டும் எலும்புல இருக்கிற ஹைட்ராக்ஸிஅபடைட்டா மாத்திட்டாங்க. 1975-ல பேட்டண்ட் கொடுத்தாங்க, அங்க அப்போ கணக்கு 17 வருஷம், 1992-லயே முடிஞ்சுது. செய்முறை முழுசா அதுல எழுதியிருக்கு, யாரு வேணா படிக்கலாம்.

யாரு வேணான்னா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. பேட்டண்ட்டுங்கிறதே ஒரு கொடுக்கல் வாங்கல்தானுங்களே, எப்படி செஞ்சேன்னு ஊருக்கு சொல்லிக்கொடு, பதிலுக்கு 20 வருஷம் நீ மட்டும் பண்ணிக்கோன்னு. 20 வருஷத்தை அவங்க வாங்கிக்கிறாங்க, சொல்லிக்கொடுத்தது எங்க கைக்கு வரலையே. உங்க ரூல்படி மனு ஹிந்தியில இல்லன்னா இங்கிலீஷ்ல, அதுலயும் எது எது எனக்கு மட்டும்னு உரிமை கேக்கிற ஒரு கிளெய்ம் ஒரே வாக்கியமா முக்கால் பக்கம் ஓடுது, நான் எழுதுறது அதுக்கு பரவால்ல. உங்க தளத்துல தேடப்போனா முதல்ல அந்த கேப்ட்சா எழுத்தோட மல்லுக்கட்டணும்.

முழுசா தமிழ்ல கொடுங்கன்னு நான் கேக்கல. சுருக்கமும், உயிரோட இருக்கா முடிஞ்சுதாங்கிற ஒரு வரியும் தமிழ்ல இருந்தா போதும், படம் இருந்தா மீதியை எங்க ஆளுங்களே புரிஞ்சுக்குவாங்க. பேட்டண்ட்னு போட்டு விக்கிற பாக்ஸ்ல இந்திய நம்பர் கட்டாயம்னு ஒரு ரூல் கொண்டுவரச் சொல்லி மேல எழுதுங்க. பேட்டண்ட்டை இங்க பயன்படுத்துறீங்களான்னு கம்பெனிகிட்ட ஃபார்ம் 27 வாங்குறீங்க, வருஷா வருஷம் இருந்ததை 2024-ல மூணு வருஷத்துக்கு ஒருக்கான்னு அவங்களுக்கு லேசாக்கிட்டீங்க, ஒரு நம்பரை அச்சடிக்கிறது அதை விட பெரிய வேலையா?

அதுவரைக்கும் மாசத்துல ஒருநாள், பட்டறைக்காரங்க நேர்ல வந்து பாக்ஸைக் காட்டி இது செல்லுமா செல்லாதான்னு கேட்டுட்டுப் போறதுக்கு கிண்டியில ஒரு டேபிள் போடுங்க. நான் காலையில இன்டர்சிட்டியில ஏறி வந்துடறேன். ரெண்டு பாக்ஸும் பத்திரமா இருக்கு.

இப்படிக்கு,
ஒரு சீல் மெக்கானிக், கணபதி, கோயம்புத்தூர்