ஜி.என்.டி. சாலைப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பழைய ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைச் சாலைப் பயணத்தைப் பற்றிய குரல்பதிவு ஒன்று வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரங்களாகச் சுற்றிவருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அலுவலகத்துக்கே வந்து நேரில் விசாரித்தீர்கள். சிலர் எதுவும் கேட்காமல் முன்பதிவை ரத்து செய்துவிட்டீர்கள். "பழைய ஜி.என்.டி. ரோட்டில் ஊர் ஊராகக் காட்டுகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு, ஆறு வழிச் சாலையில் ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்" என்பதே அதில் உள்ள குற்றச்சாட்டு. இருக்கை சரியில்லை, சாப்பாடு ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்டுச் சரிசெய்துகொள்வோம். ஆனால் சாலையைச் சொல்லியே ஏமாற்றுகிறோம் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

சென்னையிலிருந்து நெல்லூர் வழியாகக் கொல்கத்தா செல்லும் இந்த நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், பழைய சாலை என்று ஒன்று முழு நீளத்துக்கும் தனியாக ஓடிக்கொண்டிருக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை 5 என்று நாம் பல காலம் சொல்லிவந்து, 2010இல் எண் மாற்றப்பட்டபின் 16 என்று பலகைகளில் பார்க்கிற சாலைதான், ஊர்களுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில், அகலப்படுத்தப்பட்ட அதே ஜி.என்.டி. சாலை. இரு வழியாக இருந்தது நான்காகி, தடா வரை ஆறாகவும் ஆனபோது, ஓரத்து மரங்கள் போயின, மைல்கற்கள் போயின. தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊர் வரும் இடங்களில்தான் புதிய சாலை புறவழியாக விலகிப் போகிறது, அல்லது மேம்பாலத்தில் ஏறிக் கடந்துவிடுகிறது. பழைய சாலை அங்கே கடைத்தெருவாக மிஞ்சி நிற்கிறது. ஆகவே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஆறு வழிச் சாலையில் போகாமல் வேறு வழியில்லை. ஊர் வந்ததும் வண்டி கீழே இறங்குகிறதா இல்லையா என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் வண்டி இறங்குகிறது.

எங்களோடு வந்தவர்களுக்கு இது தெரியும். மூலக்கடையில் உங்களை ஏற்றிக்கொண்டு, மாதவரம், புழல் கடந்து, அரிசி ஆலைகளுக்கு வரும் லாரிகளுக்கு நடுவே செங்குன்றம் கடைத்தெருவில் மெல்ல ஊர்ந்துதான் போகிறோம். 1876இல் நீர்த்தேக்கமாக்கப்பட்ட புழல் ஏரியின் கரையில் நிற்கும்போது, தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றாகப் புழல் இருந்ததைச் சொல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. போர்க்கால விமான ஓடுதளத்தில் பின்னாளில் கார்ப் பந்தயம் நடந்த சோழவரம், கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பஜார் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் தேநீர் குடிக்க நிறுத்தும் கடையில், கடைக்காரர் நமக்குத் தமிழில் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் லாரி கிளீனரிடம் தெலுங்கில் கணக்கு சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். மேம்பாலத்தின் மேலேயே போகிறவர்களுக்கு இது கிடைக்காது. சூலூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையிலுள்ள செங்காளம்மன் கோயிலுக்கு, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து வழிபடுவது உண்டு. அந்தக் கோயிலுக்கும் ஊருக்குள் போகும் பழைய சாலை வழியாகவே போகிறோம்.

குரல்பதிவில் சொல்லப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி பஜாரில் வடிகால் வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டெம்போ டிராவலர் உள்ளே நுழைந்தால் திருப்ப இடமில்லை என்பதால், அந்த ஓர் ஊரை மட்டும் புறவழியில் கடந்தோம். காரணத்தை வண்டியிலேயே அறிவித்தோம். மற்ற எல்லா ஊர்களிலும் வழக்கம்போல இறங்கினோம். குற்றம் சொன்னவரும் சூலூர்பேட்டைக் கோயில் வாசலில் எங்கள் குழுப் படத்தில் நிற்கிறார். அவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. இரண்டு வார்த்தை எங்களிடம் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்தச் சாலையின் ஒவ்வொரு சர்வீஸ் ரோட்டையும், எந்த ஊரில் எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்த எங்கள் மூத்த ஓட்டுநர் அண்ணன், தடாவுக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பேருந்துக்குப் போய்விட்டார். மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்று கிடைக்கும்போது அவரைப் போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. புதிய தம்பி கவனமாக ஓட்டுகிறார். வழியைக் கற்றுக்கொண்டும் வருகிறார். பழகும்வரை சில இடங்களில் வண்டி சற்று நிதானமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

டீசல், நல்லூர், சூலூர்பேட்டைச் சுங்கச்சாவடிகளில் போக வரக் கட்டும் தொகை, பர்மிட், காப்பீடு என எல்லாமே ஏறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே அடுத்த மாதம் முதல் கட்டணம் தலைக்கு 1,750 ரூபாயாகிறது. நெல்லூர் வரை சென்ற பயணம் தற்போதைக்கு, சூலூர்பேட்டையைத் தாண்டியுள்ள நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தோடு நிறைவுபெறும், ஏற்கெனவே கட்டிய முன்பணம் இதில் சரிசெய்யப்படும்.

நேலப்பட்டில் நேரம் கூடுதலாகக் கிடைப்பதால், குளிர்காலத்தில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களை அவசரமில்லாமல் பார்க்கலாம். திரும்பும் வழியில் தச்சூர் கூட்டு ரோட்டிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கும் போய்வர எண்ணியிருக்கிறோம். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

வடசென்னையில் என்ன இருக்கிறது, மகாபலிபுரம் பக்கம் வண்டி விடுங்கள் என்று சொன்னவர்கள் நிறைய. 1830இல் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, தண்டையார்பேட்டையில் இருந்த தம் தோட்ட வீட்டிலிருந்து காசிக்குக் கிளம்பி முதலில் போய்ச் சேர்ந்த இடம் மாதவரம். அந்தத் தண்டையார்பேட்டைக்காரர்களையும் மாதவரத்துக்காரர்களையும் நம்பித்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினோம். நீங்களும் கைவிடவில்லை. குரல்பதிவு வந்த வாரத்திலேயே, "நாங்கள் போய்வந்திருக்கிறோம், அது உண்மையில்லை" என்று அதே குழுக்களில் எழுதிய அக்காமார்களுக்கும், பேரப்பிள்ளைகளோடு மறுபடியும் பதிவு செய்த ராயபுரம் பெரியவருக்கும், வண்டி நிறையாத நாட்களிலும் நண்பர்களைத் தேடி அழைத்துவந்த காசிமேட்டுத் தம்பிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்த வண்டி இன்னும் ஓடுகிறது.

இனி ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாள் முன்னதாக, எந்தெந்த ஊரில் இறங்குகிறோம், எங்கே சாலைப் பணி நடக்கிறது என்பதை எழுதி அலுவலக வாசலில் ஒட்டிவிடுகிறோம். பதிவை ரத்து செய்தவர்கள் மீண்டும் வர விரும்பினால் மாலை ஏழு மணிக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். அடுத்த பயணத்தில் முன்வரிசை இருக்கைகளை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உரிமையாளர் மற்றும் பணியாளர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை