தம்பிக்கு: அம்மா அந்தத் தீவில் அள்ளிய தண்ணீர்

தம்பி,

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவின் ஆட்டைத் திவசம். ஐயரிடம் சொல்லிவிட்டேன். சமையலுக்கும் ஆள் ஒழுங்கு செய்தாகிவிட்டது. நீ அனுப்பிய காசும் வந்து சேர்ந்தது. என் அழைப்பை நீ எடுப்பதில்லை, ஆனால் நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கிறாய் என்று உன் மூத்தவள் சொன்னாள். ஆகவே இங்கேயே எழுதுகிறேன். ஊராரும் உறவுக்காரரும் இதை வாசிப்பார்கள். சில இடங்களில் நான் சுருக்கிக்கொண்டால் ஏனென்று உனக்கு விளங்கும்.

2023 மாசி மாதம் மாலைதீவில் கழித்த அந்த ஐந்து நாட்களில் நான்காம் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனதையும், 24 வருடங்களுக்குப் பிறகு விமான நிலைய வாசலில் அம்மா உன் முகத்தைத் தடவிப் பார்த்ததையும் நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றை அன்று சொல்லாமல் விட்டேன். அம்மா விசாவுக்காக எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது என்றுதான் நீ அந்த நாட்டைத் தெரிவு செய்தாய். இறங்கியதும் 30 நாள் விசா, கட்டணமும் இல்லை. அதை எவ்வளவு யோசித்துச் செய்திருப்பாய் என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அம்மாவுக்கு ஹுல்ஹுமாலேயில் நாங்கள் தங்கிய சிறிய விடுதியே போதுமாக இருந்தது. மாலைதீவு என்றால் 76 வயதுவரை அவருக்கு மாசிக்கருவாடு மட்டும்தான். முதல் நாள் காலை மஸ்ஹுனி வைத்தார்கள். மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி. "இது எங்கள் சம்பல்தானே" என்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சிரித்தார். அந்த விடுதிக்காரப் பெரியவர் நாங்கள் யாழ்ப்பாணம் என்று அறிந்ததும் 1988 நவம்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஆயுதங்களோடு மாலேயில் போய் இறங்கிய கதை. உன் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. நான் மீன் விலையைக் கேட்டுப் பேச்சை மாற்றினேன். அதற்குமேல் இங்கே வேண்டாம்.

நான்காம் நாள் வேகப்படகில் அந்த ரிசோர்ட்டுக்குக் கூட்டிப் போனாய். ஒரு முழுத் தீவே ஒரு விடுதி. கடலுக்குள் கால் ஊன்றி நின்ற வீடுகள், இறங்கியதும் கையில் தந்த குளிர்ந்த துவாய். பவளப்பாறை பொடிந்த வெள்ளை மணல் நண்பகலிலும் சுடவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் ஒரு மணி நேரம் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அடுப்பு இல்லை, மருந்து நேரம் இல்லை, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்துவிட்டதா என்று தெருவை எட்டிப் பார்க்கும் வேலை இல்லை. கடைசியாக எப்போது அப்படிக் கிடந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு எதுவும் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குத் தந்தவன் நீதான் தம்பி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால், தென்னைகளுக்குப் பின்னால் கன்று நடுவதற்கு வெட்டிய குழி ஒன்றின் ஓரத்தில் குந்தியிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கையில் ஒரு சிரட்டை. தோட்ட வேலை செய்துகொண்டிருந்த மட்டக்களப்புப் பையன் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றான். குழியின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. அம்மா முதலில் ஊறியதை அள்ளி வெளியே ஊற்றினார். பிறகு கலங்கல் அடங்கும்வரை அசையாமல் இருந்தார். மணல் படிந்து தென்னோலை அந்தத் தண்ணீரில் தெரியத் தொடங்கியதும் சிரட்டையை மெல்லச் சரித்து மேல்தண்ணீரை மட்டும் எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் உவர்தான். எங்கள் வளவுக் கிணற்றைவிட நல்ல தண்ணீர்."

இந்த ரிசோர்ட்டில் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள் என்று அந்தப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். கடல்மட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் தலைகாட்டி நிற்கும் நாடு அது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதக்கும். ஆசைப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உவர் ஏறிவிடும். எங்கள் ஊரான புங்குடுதீவின் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழேயும் அதே கதைதான் என்பது அம்மாவுக்கு யாரும் படிப்பித்துத் தெரிந்ததல்ல. "மேலாக அள்ளு, அடியைக் கலக்காதே" என்று எங்கள் இருவருக்கும் எத்தனை குட்டு விழுந்திருக்கும்!

நான் என்ன செய்தேன்? அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "எழும்புங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றேன். அப்போதுதான் நீ கடலிலிருந்து ஈரத்தோடு வந்தாய். அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சிரட்டையை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தாய். அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. உன் மனைவியும் பிள்ளைகளும் வந்து நின்றபோது நான் சொன்னேன்: "இந்த ஒரு நாள் காசுக்கு எங்கள் கிணற்றை இறைத்துக் கட்டியிருக்கலாம்."

அந்த வசனத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது. ஒரு டொலர் 360 ரூபாய்க்குக் கிட்ட நின்ற காலம் அது. காலையிலிருந்து பார்த்த ஒவ்வொன்றையும் நான் மனதுக்குள் ரூபாயாக மாற்றிக்கொண்டே இருந்தேன். மாவும் எரிவாயுவும் தேடி வரிசையில் நின்ற வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அது ஒரு காரணம். அந்த முகமலர்ச்சி மற்றக் காரணம். 24 வருடம் தேநீர் கொடுத்தவள் நான், கால் அமுக்கிவிட்டவள் நான், பவுசர் தண்ணீருக்கு வாளி சுமந்தவள் நான். நீ ஒரு சிரட்டை தண்ணீர் குடித்தாய், மகனாகிவிட்டாய். அது என்னால் தாங்க முடியவில்லை. அந்த நாளுக்காக நீ இரண்டு வருடம் இரவு வேலை செய்து சேர்த்தாய் என்பதை உன் மனைவி பிறகு சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் வாயை மூடியிருப்பேனா? மூடியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

நீ பதில் பேசவில்லை. திரும்பும் படகில் அம்மாவும் பேசவில்லை. அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும் பேசினாய். அம்மா போனபிறகு அதுவும் நின்றது.

மரண வீட்டில் யாரோ கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க நீ அதில் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னால் வர முடியாது. காரணம் எனக்குத் தெரியும், தெரிந்தவர்களுக்கும் தெரியும், இங்கே எழுதமாட்டேன். தெரிந்தும் கோபம் வந்தது. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். நான் படலைவரை போனேன். "பெற்ற பிள்ளை எங்கே?" என்று ஒரு கிழவி கேட்டாள். நானும் பெற்ற பிள்ளைதான் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உன் பங்கையும் சேர்த்து விற்பதற்கு நீ அனுப்பிய அற்றோணித் தத்துவம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. புங்குடுதீவுக் காணியை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். விலை பேச வருகிறவர்கள் இதை வாசித்தால், இனி வரத் தேவையில்லை. போன கிழமை குறிகட்டுவான் பஸ்ஸில் போய், இரண்டு பேரைப் பிடித்துக் கிணற்றை இறைப்பித்தேன். சேற்றோடு துலாக்கயிற்றின் துண்டும் நெளிந்த வாளி ஒன்றும் வந்தன. திவசச் செலவுக்கு நீ அனுப்பியதில் ஒரு பகுதி அதற்குப் போய்விட்டது. உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ தொலைபேசியை எடுத்திருக்கமாட்டாய்.

சித்திரைப் பௌர்ணமி விரதம் இந்தமுறையும் பிடிக்கிறேன். கோயிலில் கஞ்சி காய்ச்ச அரிசியும் தேங்காயும் உன் பெயரில் கொடுத்திருக்கிறேன்.

அம்மா அந்தச் சிரட்டையைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது உனக்குத் தெரியாது. குசினித் தட்டில், மாசிப் போத்தலுக்குப் பின்னால் இருந்தது. கிணறு இறைத்த அன்று அதையும் கொண்டு போனேன். கலங்கல் அடங்கும்வரை கிணற்றுக்கட்டில் இருந்து, மேல்தண்ணீரை அள்ளிக் குடித்தேன். இன்னும் உவர்தான். ஒரு மாரி போகட்டும் என்றார் இறைத்தவர். கார்த்திகை மழைக்குப் பிறகு மறுபடியும் போய் ருசி பார்ப்பேன். கிணற்றடியிலிருந்தே உனக்கு அழைப்பு எடுப்பேன். அதையாவது எடு.

அக்கா